பரண் மரங்களுக்கு நெருப்புக் காப்பு

பெரம்பலூர் ஜில்லா வேப்பந்தட்டைத் தாலுகாவில் மாசி மாதம் பிறந்துவிட்டால் பரண் காலியாக உள்ள வீட்டைக் காண்பது அரிது. மானாவாரிக் கரிசலில் விளைந்த பருத்தி இரண்டு மூன்று எடுப்பு முடிந்து, விலை சற்று ஏறட்டும் என்று சாக்குகளில் அடைபட்டு மேலே போய்விடுகிறது. அதன் பக்கத்திலேயே விற்காமல் நிறுத்திய மக்காச்சோள மூட்டைகளும், அடுத்த போகத்துக்கு வேண்டிய பயறு விதையும், பழஞ்சாக்கு, கயிறு, ஓலைப்பாய் முதலியவைகளும் அடுக்கப்படுகின்றன. கீழே அடுப்பங்கரை. இப்பொழுது காஸ் அடுப்பு இல்லாத வீடு சொற்பமே எனினும், வெந்நீர் வைக்கவும், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைக்கவும் பெரும்பாலோர் விறகடுப்பையே உபயோகிக்கிறார்கள். விறகோ, அந்தப் பருத்திக் காட்டிலிருந்தே பிடுங்கி வந்த பருத்திமார். அது சடசடவென்று எரிந்து பொறி பறக்கவிடும் குணமுடையது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே ஒரு குடும்பத்தின் வருஷ வரும்படி முழுவதும், வருஷத்தில் மிக உலர்ந்த மாதங்களில், அடுப்புக்கு நேர் மேலே, காய்ந்த மூங்கிலின் மீதும் மெல்லிய பலகையின் மீதும் கிடக்கிறது. இதைக் குறைத்துக்கொள்ள மரத்திற்கு உப்பேற்றும் முறை ஒன்று உண்டு. அதைப்பற்றி விவரமாக எழுதும்படி இவ்வட்டாரத்துக் குடியானவர்கள் சிலர் கேட்டுக்கொண்டபடியால் இக்கட்டுரை எழுதப்படுகிறது. இதை எழுத எனக்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நெருப்பு வீட்டில் எப்படி ஏறுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். சூடான காற்று மேலே செல்லும். கீழே ஒரு சாக்கோ பாயோ பற்றினால், அதன் அனலும் புகையும் மோட்டுவளைக்குக் கீழே சென்று தேங்கி நிற்கின்றன. வெளியேற வழி குறைவாக இருந்தால் அவ்விடத்தின் உஷ்ணம் நிமிஷத்துக்கு நிமிஷம் உயர்கிறது. கீழே நிற்பவன் இன்னும் தண்ணீர்க் குடத்தைத் தேடிக்கொண்டிருக்கும்பொழுதே, ஜ்வாலை தொடாத பரண் தானே பற்றிக்கொள்வது இக்காரணத்தினாலேதான். மரம் என்பது உண்மையில் நேராக எரிவதில்லை. ஏறக்குறைய 300 டிகிரி செண்டிகிரேடு உஷ்ணத்தை அணுகும்பொழுது மரத்தின் உட்பொருள் சிதைந்து ஒருவித வாயுக்களைக் கக்குகிறது. எரிவது அவ்வாயுக்களே. மீந்து நிற்பது கரி. அந்தக் கரி உள்மரத்துக்கு ஒரு போர்வையாகி, அனல் உள்ளே புகுவதைத் தாமதப்படுத்துகிறது.

இதனால்தான் பருத்த மரம் நெருப்பில் நெடுநேரம் நிற்கிறது. சோதனைச்சாலைகளில் அளந்தபடி, மரம் நிமிஷம் ஒன்றுக்கு அரை மில்லிமீட்டர் முதல் முக்கால் மில்லிமீட்டர் வரையில் கரியாகிறது. 150 மில்லிமீட்டர் கனமுள்ள உத்தரம் அரைமணி நேரம் எரிந்தாலும் நடுவில் 100 மில்லிமீட்டருக்கு மேல் நல்ல மரம் மிஞ்சும், பாரத்தைத் தாங்கும். 25 மில்லிமீட்டர் ரீப்பரோ இருபுறமும் பற்றினால் இருபது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். உள்ளே பொள்ளலான மூங்கிலின் கதியைக் கேட்கவேண்டாம். ஆதலால் நாம் கவலைப்பட வேண்டியது பாட்டன் காலத்துத் தேக்கு உத்தரத்தைப் பற்றியன்று. ரீப்பர், பரண் பலகை, மூங்கில், பனஞ்சிராய் ஆகிய மெல்லிய உருப்படிகளைப் பற்றியே.

2004-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் நடந்ததைத் தமிழ்நாட்டார் ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தின் சமையலறைக் கீற்றில் பற்றிய நெருப்பு, மேல்மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. எரியும் கூரை குழந்தைகளின் மேலேயே விழுந்தது. 94 குழந்தைகள் மாண்டனர். அதன் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரை விலக்கப்பட்டது. ஆயினும் கீழே அடுப்பு, நடுவில் காய்ந்த பொருள், அதற்குமேல் மெல்லிய மரம் என்கிற அதே அமைப்பு நம் வீடுகளில் பரண் என்ற பெயரால் இருந்துகொண்டே இருக்கிறது.

இனி, நான் சொல்வதாகக் கூறிய காரணத்துக்கு வருகிறேன். பயிர்த்தொழிலில் புதிய முறைகளைச் செய்து காட்டுவதே என் உத்தியோகம். சில வருஷங்களுக்கு முன் ஒரு குடியானவர் என்னிடம் வந்து, தம் ஓட்டு வீட்டுப் பரணில் செல் அரிக்கிறதென்றும் மூங்கிலில் வண்டு துளைத்து மாவு கொட்டுகிறதென்றும் சொன்னார். நான் அப்பொழுதே, சற்றும் யோசியாமல், இயந்திரத்திலிருந்து கழித்த பழைய எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து இரண்டு தடவை பூசும்படி சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் அவ்வாறே செய்தார், செல் போயிற்று. இரண்டாம் வருஷமும் பூசினார். அந்த மாசியில் பருத்திமார் அடுப்பிலிருந்து பறந்த பொறி பரணோரத்துச் சாக்கில் விழுந்தது. எண்ணெய் ஊறிய பலகைகளின்மேல் நெருப்பு ஓடிய வேகத்தைக் கண்டவர்கள் சொல்லிக் கேட்டேன். பருத்தி முழுவதும் போயிற்று. வீட்டிலிருந்த மூதாட்டி கையில் தீப்புண்ணோடு தப்பினார். நான் போய்ப் பார்த்தபொழுது அக்குடியானவர் கோபமாக ஒன்றும் பேசவில்லை. “ஐயா, செல்லுக்கு மருந்து சொன்னீர்கள், நெருப்புக்கு ஒன்றும் சொல்லவில்லையே” என்று மட்டும் கேட்டார். அந்த எண்ணெய் இல்லாவிட்டால் வீடு பற்றியிராது என்று சொல்ல என்னால் இயலாது. ஆனால் அதனால் நெருப்புக்கு வழி எளிதாயிற்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

‘மருந்தேற்றிய மரம்’ என்று கடையில் சொல்லும்பொழுதும், நாமே வீட்டில் மருந்து பூசும்பொழுதும், எதற்காகிய மருந்து என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். செல்லுக்கும் உளுப்புக்கும் ஆன மருந்து வேறு. நெருப்புக்கு ஆனது வேறு. தார், கிரியோசோட்டு எண்ணெய், முந்திரிக்கொட்டை எண்ணெய், கழித்த இயந்திர எண்ணெய் ஆகிய இவை யாவும் பூச்சியைத் தடுக்கக்கூடும். ஆனால் எண்ணெய்ப் பசை உள்ளவரையில் அவை நெருப்புக்குத் தீனியே. வேலிக்காலுக்குப் பூசலாம், அடுப்பங்கரைப் பரணுக்குப் பூசலாகாது.

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் 1933-இல் சோந்தி காமேசம் என்பவர் செம்பு, குரோமியம், ஆர்செனிக் என்னும் மூன்றன் உப்புக்களைச் சேர்த்து ஒரு மருந்தைக் கண்டுபிடித்தார். ‘ஆஸ்கு’ என்ற பெயரோடு அது உலகெங்கும் பரவியது. மண்ணில் நடும் மரத்தைச் செல்லினின்றும் அழுகலினின்றும் காப்பதில் அதற்கு நிகரானவை சிலவே. நம் நாட்டவர் ஒருவர் செய்த பெரிய காரியம் அது. ஆயினும் அதற்கு நெருப்பைத் தடுக்கும் குணம் கிடையாது. அம்மருந்தேறிய மரம் ஜ்வாலை அடங்கிய பிறகும் கங்காக நின்று நெடுநேரம் உள்ளுக்குள் எரியும். அதன் புகையிலும் சாம்பலிலும் பாஷாணம் உண்டு. இதுபற்றியே அமெரிக்காவில் அதனை வீட்டு உபயோக மரங்களுக்கு ஏற்றுவது 2003-ஆம் வருஷ முடிவோடு நிறுத்தப்பட்டது. பழைய கம்பமரம், பச்சை நிறம் ஏறிய மரம் ஆகியவைகளை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிப் பரணுக்குப் போடுவதும், உடைத்து அடுப்பில் வைப்பதும் கூடாது.

நெருப்புக்கு ஆன மருந்துகளில் நம் குடியானவர்களுக்கு எளிதில் கிட்டக்கூடியவை இரண்டு. ஒன்று வெங்காரமும் போரிக் அமிலமும் சேர்ந்தது. மற்றொன்று அம்மோனியம் பாஸ்பேட். இவை புதியவை அல்ல. 1821-இல் பிரான்சு தேசத்தில் பதினெட்டாம் லூயி மன்னர், நாடகசாலைத் திரைகள் அடிக்கடி தீப்பற்றுவதைத் தடுக்க வழி தேடும்படி கேலூசாக் என்னும் ரசாயன சாஸ்திரியிடம் ஒப்புவித்தார். அவர் சோதித்துச் சொன்ன பொருள்களில் அம்மோனியம் பாஸ்பேட்டும், நவச்சாரமும், வெங்காரமும் இருந்தன. இருநூறு வருஷங்கள் கழிந்த பின்னும் அவ்விரு உப்புக்களும் இவ்வேலையில் முன்னணியிலேயே நிற்கின்றன.

வெங்காரத்தைத் தட்டான் உலையிலும் நாட்டு வைத்தியர் வீட்டிலும் எல்லோரும் கண்டிருப்பீர்கள். சட்டியில் இட்டுச் சுட வைத்தால் தன்னிடமுள்ள நீரைக் கக்கி, அரிசிப்பொரி போலப் பொங்கி வெளுத்து நிற்கும். மேலும் சூடேற்றினால் உருகிக் கண்ணாடியாகும். மரத்தினுள்ளும் இதுவே நடக்கிறது. நீர் ஆவியாகி அனலைக் குடிக்கிறது. பொங்கிய வெங்காரம் நார்களின்மேல் படிந்து காற்றை விலக்குகிறது. ஆனால் வெங்காரத்தை மட்டும் போட்டால் சுடர் அடங்குமே தவிரக் கங்கு நிற்காது. கங்கை அடக்குவது போரிக் அமிலம். அதற்கோ சுடரை அடக்கும் சக்தி குறைவு. ஆகையால் இரண்டையும் சேர்த்தே உபயோகிக்க வேண்டும். பருத்தி வைக்கும் பரணுக்கு இது முக்கியம். பஞ்சில் விழுந்த பொறி, மேலே ஒன்றும் தெரியாமல், மூட்டைக்குள்ளேயே நாள் கணக்கில் கனிந்துகொண்டிருக்கும் என்பதைப் பருத்தி மண்டிக்காரர்கள் அறிவார்கள். சேர்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. இவ்விரண்டும் தனித்தனியே தண்ணீரில் கொஞ்சமே கரையும். மூன்று பங்கு வெங்காரத்துக்கு இரண்டு பங்கு போரிக் அமிலம் என்ற விகிதத்தில் கலந்தால் பன்மடங்கு கரைகின்றன. மேலும் இக்கலவை செல்லுக்கும் உளுப்பு வண்டுக்கும் விஷமாகும். நான் முன்பு எண்ணெய் சொன்ன இடத்தில் இதைச் சொல்லியிருந்தால் இரண்டு காரியமும் ஆகியிருக்கும்.

முறை வருமாறு. இருநூறு லிட்டர் இரும்புப் பீப்பாய்கள் இரண்டை நெடுக்குவாட்டில் பிளந்து, கிடைக்கும் நான்கு பாதிகளையும் முனைக்கு முனை சேர்த்துப் பற்றவைத்தால், மூன்றரை மீட்டர் நீளமுள்ள தொட்டி கிடைக்கும். ரீப்பர் முழு நீளத்தில் அமிழும். இங்கே ஓர் எச்சரிக்கை. எண்ணெயோ பெட்ரோலோ இருந்த பீப்பாயைச் சுத்தமாகக் கழுவி ஆவி போக்காமல் பற்றவைப்பவர் முன் வைத்தால் அது வெடிக்கும், உயிர்ச்சேதம் நேரும். பூச்சிமருந்துப் பீப்பாய் வேண்டவே வேண்டாம். செலவு அதிகமென்று தோன்றினால் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு தொட்டி செய்துகொள்ளலாம்; பின்னர் அது மாட்டுக்குத் தண்ணீர் காட்ட உதவாது என்பதையும் முன்னரே பேசி முடிவு செய்துகொள்ளவும்.

200 லிட்டர் தண்ணீருக்கு வெங்காரம் 24 கிலோவும் போரிக் அமிலம் 16 கிலோவும் வேண்டும். தண்ணீரைக் கை பொறுக்கும் அளவு சூடாக்கி, முதலில் வெங்காரத்தையும் பிறகு போரிக் அமிலத்தையும் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்க, முழுவதும் கரைந்து தெளிவாகும். மரம் முன்பே நன்கு உலர்ந்திருக்க வேண்டும். பட்டையை நீக்கியிருக்க வேண்டும். அறுப்பது, இழைப்பது, துளையிடுவது ஆகிய தச்சு வேலைகள் அனைத்தும் உப்பேற்றுமுன் முடிந்திருக்க வேண்டும். ஏனெனில் பின்னால் அறுத்தால் உப்பேறாத உள்மரம் வெளிப்பட்டுவிடும். தச்சர்கள் இதற்கு முணுமுணுப்பார்கள்; கேளாதீர்கள்.

மரங்களைத் தொட்டியில் அடுக்கி, மேலே மிதக்காமல் கல்வைத்து அழுத்தி, கீழே நெருப்பிட்டு, கொதி வருவதற்குச் சற்றுமுன் நிறுத்தி, அதே சூட்டில் மூன்று நான்கு மணி நேரம் வைக்க வேண்டும். ஆவியாகக் குறையும் தண்ணீரை அவ்வப்பொழுது நிரப்பிவரவும். இவ்வளவு நேரமும் மரத்தின் துவாரங்களிலுள்ள காற்று சூட்டால் விரிந்து குமிழி குமிழியாக வெளியேறுவதைக் காணலாம். பிறகு நெருப்பை இழுத்துவிட்டு, மரத்தை எடுக்காமல் அப்படியே இரவு முழுவதும் ஆறவிட வேண்டும். உண்மையில் மருந்து ஏறுவது இப்பொழுதுதான். உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெற்றிடம் உண்டாகி, கரைசலை மரம் உறிஞ்சிக்கொள்கிறது. சூட்டோடு எடுத்துவிட்டால் பட்ட பாடு வீண். ஆவல் மிகுதியால் மாலையிலேயே எடுத்துவிட்டு, “ஏறவில்லையே” என்று குறை சொன்னவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஏறியதா இல்லையா என்று அறியத் தராசே சாட்சி. உலர்ந்த மரத்தை முன்னதாக நிறுத்து, எடை எழுதி வைத்துக்கொள்ளவும். பத்துக் கிலோ மரம் கரைசலில் ஊறியபின் பதின்மூன்று கிலோவானால், ஏறிய மூன்று கிலோவில் ஆறில் ஒரு பங்கு, அதாவது அரைக்கிலோ, உப்பு. கன மீட்டர்க் கணக்கில் சொன்னால் இது ஏறத்தாழ 30 கிலோவாகும். பூச்சிக்கு மட்டுமானால் கன மீட்டருக்கு ஐந்து கிலோ அளவே போதும். நெருப்புக்கோ முப்பது நாற்பது கிலோவாவது ஏறவேண்டும். இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், தூரிகையால் மேலே ஒருமுறை பூசிவிட்டு நெருப்பு அணுகாது என்று நம்பும் தவறு நேராது.

வேம்பு, மா முதலியவற்றின் வெளிமரம் நன்றாக உறிஞ்சும். தேக்கின் வைரமும் தைலமரத்தின் வைரமும் எவ்வளவு வைத்தாலும் ஏற்பதில்லை. அவைகளை விட்டுவிடலாம், கனத்தினாலேயே அவை நிற்கட்டும். இத்தாலுகாவைச் சேர்ந்த அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது யாவரும் அறிந்தது. மரத்தில் வைரம் எது, வெளிமரம் எது என்று ஐயமுள்ளவர்கள் அவ்வூர்ச் சிற்பிகளில் ஒருவரிடம் ஒரு துண்டைக் காட்டினால் கண நேரத்தில் சொல்லிவிடுவார்கள்.

மூங்கிலுக்கு அடுப்பு வேண்டியதில்லை. கணுக்களை உள்ளே ஒரு கம்பியால் குத்தித் துளைத்து, பாலிதீன் தாள் விரித்த பள்ளத்தில் அதே கரைசலை ஊற்றி, பத்து நாள் அமிழ்த்தி வைத்தால் போதும். பள்ளத்தைச் சுற்றிக் குழந்தைகளும் ஆடுமாடுகளும் அணுகாதபடி முள்வேலி போடவேண்டும். உப்பேற்றிய மரத்தையும் மூங்கிலையும் நிழலில், காற்றோட்டமாக, இரண்டு மூன்று வாரம் உலர்த்தவும். மேலே வெண்பொடி பூத்தால் துடைத்துவிடவும்.

ஏற்கெனவே கட்டியிருக்கும் பரணை இறக்க முடியாதவர்கள் என்ன செய்வது? சுடுகரைசலைத் தூரிகையால் மூன்று நான்கு தடவை, ஒரு பூச்சு இழுத்த பிறகு மறு பூச்சாக, இடுக்குகளிலும் வெட்டுமுனைகளிலும் நன்றாக இறங்கும்படி பூசலாம். இது செல்லைத் தடுக்கும், சிறு பொறி பற்றுவதையும் ஒருவாறு தடுக்கும், அதற்குமேல் எதிர்பார்க்கலாகாது. என் அபிப்பிராயத்தில், இவர்கள் அடுப்புக்கு நேர் மேலுள்ள பரணின் அடிப்பக்கத்தில் ஜிப்சம் பலகை அடித்துவிடுவது பூசுவதைக் காட்டிலும் மேலானது. நிலக்கடலைக்குப் பூப்பருவத்தில் நாம் இடுகிற அதே ஜிப்சந்தான். இந்த ஜில்லாவில் காரைக் களிமண்ணில் படிகமாகக் கிடைப்பதுந்தான். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் நீர் கட்டுண்டு கிடக்கிறது. நெருப்புப் பட்டால் அந்நீர் முழுவதும் ஆவியாகித் தீரும்வரையில் பலகையின் மேற்பக்கம் அதிகம் சூடேறாது. மேலே உப்பேற்றிய மரமும் கீழே ஜிப்சம் பலகையும் அமைந்த பரண், தண்ணீர் கொண்டுவரவும், மூட்டைகளை இறக்கவும், முக்கியமாக ஆட்களை வெளியேற்றவும் வேண்டிய அவகாசத்தைக் கொடுக்கும். நெருப்பே பற்றாத மரம் என்பது உலகில் கிடையாது. நாம் உப்பைக் கொண்டு வாங்குவது நிமிஷங்களையே.

அம்மோனியம் பாஸ்பேட்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். காரணம், டி.ஏ.பி. எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. பயறு பூக்கும் தருணத்தில் தெளிக்க, முதல்நாள் மாலை டி.ஏ.பி.யை ஊறவைத்து மறுநாள் தெளிவை இறுத்து எடுக்கிறோமல்லவா? அத்தெளிவில் காய்ந்த கீற்றை நனைத்து உலர்த்திக் கொளுத்திப் பார்த்தால், அது கருகுமே அன்றிச் சுடர்விட்டு ஓடாது. சூட்டில் இவ்வுப்பு பாஸ்பாரிக் அமிலமாகி, மரநாரை எரிவாயுவாக விடாமல் கரியாகவும் நீராகவும் மாற்றிவிடுகிறது. மேல்நாடுகளில் காட்டுத்தீயின் முன்னே ஆகாய விமானங்களிலிருந்து கொட்டும் செந்நிறக் கரைசலில் முக்கியமாக உள்ளதும் அம்மோனியம் பாஸ்பேட்டுத்தான்.

எனினும் பாரம் தாங்கும் மரத்துக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை. 1980-களில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குப் பகுதிகளில் வரிசை வீடுகளின் கூரைக்கு அடியில் நெருப்புக் காப்பு ஏற்றிய ஒட்டுப்பலகைகளை ஏராளமாக உபயோகித்தார்கள். சில வருஷங்களுக்குள் அப்பலகைகள் கறுத்து, மொறுமொறுத்து, மனிதன் ஏறி நின்றால் உடையும் நிலைக்கு வந்தன. விஸ்கான்ஸின் மாகாணத்து மாடிஸன் நகரிலுள்ள வனப்பொருள் ஆராய்ச்சிச்சாலையார் ஆராய்ந்ததில் காரணம் வெளிப்பட்டது. நெருப்பில் வேலை செய்யவேண்டிய பாஸ்பேட்டு உப்புக்களில் சில, கோடை வெயிலில் கூரைக்கடியில் உண்டாகும் உஷ்ணத்திலேயே அமிலமாகி மரநாரைத் தின்னத் தொடங்கிவிட்டன. அந்நாட்டு வெயிலுக்கே அப்படியானால், சித்திரையில் நம்மூர்த் தகரக் கூரையின் கீழ் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். போரான் உப்புக்களிடம் இத்தொல்லை இல்லை. அமிலத்தைத் தணிக்கும் குணமே அவற்றுக்கு உண்டு. மேலும் டி.ஏ.பி. இரும்பு ஆணிகளையும் பித்தளைக் கீல்களையும் அரிக்கும். சுண்ணாம்படித்த இடத்தில் பட்டால் அம்மோனியா நெடி கிளப்பும். உரத்தரமான சரக்கில் வண்டல் அதிகம். வெங்காரக் கரைசலோடு இதைக் கலப்பதும் கூடாது. பரணில் விரிக்கும் சாக்கு, தட்டி, ஓலைப்பாய் முதலியவற்றுக்கு வேண்டுமானால், சொட்டுநீர்ப் பாசனத்தில் விடும் 12-61-0 என்னும் கரையும் உரத்தை உபயோகித்துக்கொள்ளலாம்.

இவ்வுப்புக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. மழையில் கரைந்து போய்விடும். ஆகையால் இவை வீட்டினுள், ஒழுகாத கூரையின் கீழ் உள்ள மரத்துக்கே ஏற்றவை. வெங்காயப் பட்டறைக் காலுக்கும், வெளியே நிற்கும் கொட்டகைக் கீற்றுக்கும் ஏற்றினால் ஐப்பசியில் போய்விடும். கீற்றுக் கூரைக்கு மேல்பக்கம் மண் பூசுவதே பழைய வழி. ரூர்க்கி நகரத்து மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் அம்மண்ணில் இளக்கிய தாரைக் கலந்து மழையில் கரையாத பூச்சாக்கும் முறையைக் கண்டிருக்கிறார்கள். அது தனியே எழுதவேண்டிய விஷயம்.

மின்சாரக் கம்பியைப் பற்றி இரண்டு வார்த்தை. எலியும் அணிலும் கடித்த கம்பி பரண் மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தால் உப்பேற்றிய மரமும் பாதி உதவியே செய்யும். கம்பியைக் குழாயினுள் இட்டு, மூட்டை படாத சுவரில் கொண்டுபோகவும். பரணுக்குள் விளக்கு வேண்டாம்.

சென்ற பருவத்தில் ஒரு கிராமச் சாவடியில் இம்முறையைச் செய்து காட்டினேன். ஒரே வேப்பமரத்தில் அறுத்த இரண்டு ரீப்பர்த் துண்டுகள். ஒன்று உப்பேற்றியது, மற்றொன்று ஏற்றாதது. இரண்டையும் ஒரே பருத்திமார் நெருப்பில் பிடித்தோம். ஏற்றாத துண்டு நுனி முதல் கைப்பிடிவரை பற்றியதால் கீழே போட வேண்டியதாயிற்று. மற்றது நெருப்புப் பட்ட இடத்தில் கறுத்தது, வெளியே எடுத்தவுடன் சுடர் அணைந்தது, கங்கும் நிற்கவில்லை. எல்லோரும் தலையசைத்தார்கள். அப்பொழுது பின்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, “அதையே நெருப்பிலேயே விட்டுவிட்டால்?” என்று கேட்டார். விட்டுப் பார்த்தோம். மெள்ள மெள்ள அதுவும் கரியாயிற்று. அவர் கேட்டது சரியான கேள்வி. செய்து காட்டுபவர்கள் இனி அந்தப் பகுதியையும் மறைக்காமல் காட்ட வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இம்முறையைத் தங்கள் வீட்டோடு நிறுத்தாமல், மரக்கூரையுள்ள பழைய சாவடிகள், சத்துணவுக் கூடங்கள், விதை வைக்கும் கிடங்குகள் ஆகியவற்றிலும் கையாளலாம். புதிதாக மரம் வாங்கும்பொழுது ரசீதில் ‘மருந்தேற்றியது’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளாமல், என்ன உப்பு, கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று எழுதி வாங்கவும். சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் ஒரு துண்டு வாங்கி, மேலே சொன்னபடி நெருப்பில் பிடித்துப் பார்த்துவிடலாம். எண்ணெய் மருந்தானால் உடனே தெரிந்துவிடும். செம்பு ஆர்செனிக் மருந்தோ என்று பச்சை நிறத்தால் சந்தேகம் தோன்றினால் கொளுத்திப் பார்க்க வேண்டாம். அதன் புகை கெடுதி.

கடைசியாக, தொட்டியில் மிஞ்சிய கரைசலைப் பற்றி. மறுமுறைக்கு மூடிவைத்து உபயோகிக்கலாம். எடை குறைந்த அளவுக்கு உப்பும் தண்ணீரும் சேர்த்துக்கொண்டால் போதும். வாய்க்கு எட்டாத இடத்தில், ‘விஷம்’ என்று எழுதி வைக்கவும். கரைசலைக் கையாளும்பொழுது ரப்பர் கையுறை அணியவும். கர்ப்பிணிகள் இவ்வேலையில் கலந்துகொள்ள வேண்டாம். கொல்லையில் ஊற்றிவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நிலக்கடலைக்கு ஹெக்டேருக்கு 10 கிலோ வெங்காரம் நாம் இடுவது போரான் சத்துக்காகத்தான். ஆனால் ஒரு தொட்டிக் கரைசலிலுள்ள போரான் ஏறக்குறைய ஐந்து ஹெக்டேருக்குப் போதுமான அளவு. அதை ஒரு வாழையடியில் கொட்டினால் அவ்விடத்தில் சில வருஷங்களுக்கு ஒன்றும் சரியாக விளையாது. மிஞ்சியதைப் பக்கத்து வீட்டாரின் பரண் பலகைக்குக் கொடுத்துவிடுங்கள்.